'கரு' என்று எழுதிக் கோட்டை விட்ட கதை

முதல் முறை உயிரியல் தாளில் எனக்கு 50க்கு 19. தேற வேண்டியது 20. திருத்திய தாளைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் வயிறெரிந்தது. தெரியாத கேள்விகளில் போனது கொஞ்சம்தான். தெரியும் என்று நினைத்து எழுதியவற்றில்தான் பாதிக்கு மேல் போயிருந்தது.

நான் பள்ளியில் வணிகவியல் படித்தவன். பல வருடம் கழித்து ஒரு படிப்பில் சேர, அடிப்படை உயிரியல் தாளைத் தமிழில் எழுத வேண்டி வந்தது. விண்ணப்பம், நுழைவுச்சீட்டு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்துவிட்டன.

மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், குரோமோசோம் என்று வாயில் நுழையாத பெயர்களுக்குத்தான் முதலில் பயந்தேன். அவை ஒன்றும் செய்யவில்லை. முற்றிலும் புதிய சொல் என்பதால் பத்து முறை எழுதிப் பார்த்தேன், நின்றுவிட்டது. காலை வாரியதெல்லாம் 'இதுதான் தெரியுமே' என்று தாண்டிப் போன தமிழ்ச் சொற்கள்.

இணையத்தில் கிடைத்த ஒரு குறிப்புத் தொகுப்பை அச்செடுத்து மூன்று வாரம் உருப்போட்டேன். சுத்தமான தமிழ், அழகான படங்கள். அதில் செல் என்பது 'கலம்', திசு 'இழையம்', ஒளிச்சேர்க்கை 'ஒளித்தொகுப்பு', மைட்டோகாண்ட்ரியா 'இழைமணி'. தனித்தமிழ் ஆர்வலர் யாரோ எழுதியது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அது இலங்கைப் பாடநூல் வழக்கு. நான் எழுதப்போவதோ தமிழ்நாட்டு வழக்கில் உள்ள தாள். இதைச் சொல்ல எனக்கு யாருமில்லை.

வெறுமனே வேறு சொல் என்றால்கூடப் பரவாயில்லை, திருத்துபவர் புரிந்துகொண்டு மதிப்பெண் போடுவார். ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருவதுதான் ஆபத்து. இலங்கை நூல்களில் 'கரு' என்றால் செல்லின் நடுவே இருக்கும் உட்கரு, அதாவது நியூக்ளியஸ். இங்கே கரு என்றால் கருவுற்ற முட்டையிலிருந்து வளரும் இளம் உயிர். அதை அவர்கள் 'முளையம்' என்பார்கள். "கரு எவ்வாறு உருவாகிறது?" என்ற 3 மதிப்பெண் கேள்விக்கு நான் உட்கரு சவ்வு, குரோமோசோம் என்று ஒரு பக்கம் எழுதிவைத்தேன். முழு பூஜ்யம். அதே மாதிரி 'தொகுதி': அங்கே சமிபாட்டுத் தொகுதி, இங்கே செரிமான மண்டலம். இங்கே தொகுதி என்று கேட்டால் விலங்குகளை வகைப்படுத்தும் படிநிலை, 'உலகம்' (கிங்டம்) என்ற படிக்கு அடுத்தது. அதிலும் ஒன்று போனது.

கையில் இருக்கும் குறிப்பு எந்த வழக்கு என்று கண்டுபிடிக்க, திசு அல்லது இழையம் என்ற சொல் எங்கே வருகிறது என்று முதலில் தேடுங்கள், இரண்டே நிமிட வேலை. இரண்டில் எது நல்ல தமிழ் என்று கேட்டால், என் ஓட்டு இழையத்துக்குத்தான். ஆனால் தாள் திருத்துபவர் என்னிடம் ஓட்டுக் கேட்கவில்லை.

தேர்வுக்கு முன்பே விசாரணை மேசைக்கு நேரில் போய், கலைச்சொல் பட்டியல் ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே பதில் வந்தது: "புக்ல இருக்கிறதைப் படிங்க." எந்த புக் என்று கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அரை நாள் வீண்.

அடுத்தது சுவரும் சவ்வும். செல் சுவர், செல் சவ்வு. அவசரத்தில் எழுதும்போது கை தானாக மாற்றி எழுதும். சவ்வு எல்லாச் செல்லுக்கும் உண்டு, சுவர் தாவரச் செல்லுக்கு உண்டு, விலங்குச் செல்லுக்கு இல்லை. நான் விலங்குச் செல்லுக்குச் சுவர் எழுப்பிவிட்டு வந்தேன். பிறகு ராபர்ட் ஹூக் கதைதான் கைகொடுத்தது. 1665இல் அவர் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அறை அறையாக இருப்பதால் 'செல்' என்று பெயர் வைத்தார். உள்ளே உயிர் ஒன்றுமில்லை, அவர் பார்த்தது வெறும் சுவர்களை. தக்கை மரப்பட்டை, ஆக சுவர் தாவரத்துக்கு. அதற்குப் பிறகு நான் மாற்றி எழுதவே இல்லை.

செய்முறையில் நடந்தது தனி அவமானம். வெங்காயத் தோலை உரித்து, அயோடின் விட்டு, நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைய வேண்டும். நான் உரித்தது தடிமனாக இருந்தது. கண்ணாடி வில்லையைத் தட்டென்று போட்டதில் காற்றுக் குமிழிகள் வேறு. கறுப்பு விளிம்போடு வட்டவட்டமாகத் தெரிந்த அவற்றையே உட்கரு என்று வரைந்தேன். போதாததற்குப் புத்தகப் படம் நினைவுக்கு வந்து, இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகமும் நாலு போட்டேன்.

தேர்வாளர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தப் பசுங்கணிகம் எங்க தெரியுதுன்னு கொஞ்சம் காட்டுங்க சார்."

வெங்காயம் மண்ணுக்குள் விளைவது, அந்தத் தோலில் பசுங்கணிகம் கிடையாது. கண்ணில் பட்டதை மட்டும் வரையுங்கள். வில்லையை ஒரு ஓரம் தொடவைத்து, ஊசியால் மெதுவாகச் சாய்த்து இறக்கினால் குமிழி வராது. பச்சையம் நிறமி, பசுங்கணிகம் அது இருக்கும் நுண்ணுறுப்பு. இதிலும் எனக்கு அரை மதிப்பெண் வெட்டு.

விலங்குப் பகுதியில் பெயரே பள்ளம். இருவாழ்விக்கு எடுத்துக்காட்டு கேட்டார்கள். நீரிலும் நிலத்திலும் வாழ்வதுதானே என்று முதலை, ஆமை என்று எழுதினேன். இரண்டுமே ஊர்வன. தவளை, தேரை எழுதியிருக்க வேண்டும். நட்சத்திர மீன் மீன் இல்லை, முட்தோலி. சிலந்தி பூச்சி இல்லை, அதற்கு எட்டுக் கால். உருளைக்கிழங்கு தண்டு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு வேர், இரண்டையும் நாம் கிழங்கு என்றே சொல்கிறோம்.

இரண்டாவது முறைக்கு ஒரு நோட்டுப் போட்டேன். மூன்று பத்தி: இங்கே என்ன சொல், அங்கே என்ன சொல், நான் என்னவென்று தப்பாக நினைத்தேன். மூன்றாவது பத்திதான் சீக்கிரம் நிரம்பியது. தேர்வுக்கு முதல் நாள் அதை மட்டுமே படித்தேன். 50க்கு 38. செய்முறைக்கு அதே தேர்வாளர்தான். இந்த முறை படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

போன வாரம் அதே தாளை எழுதப்போகும் ஒரு தம்பி அந்தப் பழைய குறிப்புகளைக் கேட்டார். கொடுத்தேன், படங்கள் நிஜமாகவே நன்றாக இருக்கும். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக எழுதித்தான் கொடுத்தேன்: 'இதில் கரு என்றால் உட்கரு!'