வந்தியத்தேவனுக்கு கார்த்தி பொருந்தினாரா?

மணிரத்னம் எடுத்த பொன்னியின் செல்வன் படம் ரெண்டு பாகமும் வந்து வருஷக்கணக்காச்சு, முதல் பாகம் 2022 செப்டம்பர், ரெண்டாவது 2023 ஏப்ரல், ஆனாலும் நாவலை படிச்சவங்க ரெண்டு பேர் சேர்ந்தா பேச்சு சுத்தி சுத்தி அங்கதான் வந்து நிக்குது, யாரு பொருந்தினாங்க யாரு பொருந்தலன்னு. அதுல பாதி பேர் முகத்தை வச்சு தீர்ப்பு சொல்றாங்க, மீதி பேர் வயசை வச்சு. எனக்கு ரெண்டுலயும் உடன்பாடு இல்ல. ஒரு பாத்திரம் நாவல்ல எந்த வழியா நம்ம மனசுக்குள்ள வந்துச்சோ அந்த வழியை நடிகர் பிடிச்சுட்டார்னா போதும், மூக்கு எப்படி இருந்தா என்ன.

முகம்னு பாத்தா முதல்ல ஒன்னு சொல்லணும். கல்கி 1950ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும் தொடரா எழுதினப்ப வாராவாரம் படம் வரைஞ்சவர் மணியம். குந்தவைன்னா இந்த கொண்டை, நந்தினின்னா இந்த பார்வைன்னு நம்ம மனசுல உக்காந்திருக்கறதுல பெரும்பங்கு அவரோட கோடுகள்தான். அப்புறம் மறுபடி தொடரா வந்தப்ப பத்மவாசன் மாதிரி வேற ஓவியர்கள் வரைஞ்சாங்க, அதை பாத்து வளந்தவங்களுக்கு வேற முகம். வெறும் எழுத்தா மலிவு பதிப்புல படிச்சவங்களுக்கு அவங்கவங்க கற்பனைதான். ஆக "நாவல்ல இருக்கற முகம்"னு ஒன்னு எல்லாருக்கும் பொதுவா கிடையாது.

ஆனா கல்கியும் முகத்தை சும்மா விட்டுடல. முதல் பாகத்துலயே வந்தியத்தேவன் மனசுக்குள்ள ரெண்டு பேரையும் பக்கத்து பக்கத்துல நிறுத்தி பாக்கறதா ஒரு இடம் வரும், நந்தினி பொன் நிறம், முழு நிலா மாதிரி வட்ட முகம், ஆண்டாள் கொண்டை; குந்தவை செந்தாமரை நிறம், சிலை வடிச்ச மாதிரி கொஞ்சம் நீள வாட்டமான முகம். இதை விட தெளிவா ஒரு எழுத்தாளர் காஸ்டிங் பண்றவங்களுக்கு குறிப்பு எழுதி வைக்க முடியாது. குந்தவையா வந்த த்ரிஷாவுக்கு அந்த நீள வாட்டம் அப்படியே அமைஞ்சிருக்கு. நந்தினியா வந்த ஐஸ்வர்யா ராய் முகம் முழு நிலா வட்டமான்னு கேட்டா இல்ல. ஆனா தஞ்சாவூர் அரண்மனையில ரெண்டு பேரும் எதிரெதிரே நின்னு சிரிச்ச முகத்தோட ஒருத்தரை ஒருத்தர் குத்திக்கற சீன்ல யாருக்காவது வட்டம் நீளம்லாம் ஞாபகம் வந்துச்சா? எனக்கு வரல. ஏன்னா நந்தினி நம்ம மனசுல ஏறினது முகத்தால இல்ல, அவளை பாத்தவங்க என்ன ஆனாங்கங்கறதால. மூடின பல்லக்கு, அதுக்குள்ள யாருன்னு ஊர் பூரா குசுகுசுன்னு பேசற பேச்சு, இத்தனை போர் பாத்த கிழவர் ஒருத்தர் அவ முன்னாடி நடுங்கறது, இதெல்லாம் சேந்துதான் நந்தினி. ஐஸ்வர்யா ஸ்க்ரீன்ல வந்த உடனே சுத்தி இருக்கறவங்க நிலைகுலையறதை நம்மால நம்ப முடியுது. தமிழ்ல அவங்களுக்கு குரல் குடுத்தது தீபா வெங்கட், அந்த தாழ்ந்த, அவசரமே இல்லாத குரல் இல்லைன்னா பாதி நந்தினி போயிருக்கும், அதனால இந்த பொருத்தத்துல அவங்களுக்கும் சரிபாதி பங்கு குடுக்கணும். அதே ஐஸ்வர்யா ஊமை ராணி மந்தாகினியா வர்றப்ப குரலே கிடையாது, கண்ணும் கையும்தான், அதுலயும் நின்னாங்க.

வயசு விஷயத்துக்கு வர்றேன். நாவல்ல குந்தவை அக்கா, அருள்மொழி தம்பி. நிஜத்துல த்ரிஷா பொறந்தது 1983, அருள்மொழியா வந்த ஜெயம் ரவி (இப்போ ரவி மோகன்) பொறந்தது 1980, அதாவது அக்காவை விட தம்பி மூணு வயசு பெரியவர். படம் பாக்கறப்ப ஒரு இடத்துலயாவது இது உறுத்துச்சா சொல்லுங்க. த்ரிஷா தோளை வச்சுக்கற விதம், அவசரப்படாம பேசறது, யாரு என்ன சொன்னாலும் ஒரு கணம் விட்டு பதில் சொல்றது, இதுலயே அக்கா வந்துடறா. விக்ரம் பொறந்தது 1966, முதல் படம் வந்தப்ப 56 வயசு, நாவல்ல ஆதித்த கரிகாலன் இளைஞன். கணக்கு போட்டா ஒத்தே வராது. ஆனா கரிகாலன்ங்கறது ஒரு காயம், வீரபாண்டியன் தலையை வெட்டின அந்த ராத்திரியிலேயே நின்னு போன ஒரு மனுஷன், குடியும் பாட்டும் போரும் எல்லாம் அதை மறக்கறதுக்குதான்னு விக்ரம் பொரிஞ்சு தள்ற இடத்துல எனக்கு வயசு கண்ணுக்கே தெரியல. இன்னும் சொல்லப்போனா அந்த முகத்துல இருந்த களைப்பு இருபது வயசு பையன் கிட்ட கிடைச்சிருக்காது. ரெண்டாம் பாகத்துல கடம்பூர்ல நந்தினி முன்னாடி நிக்கறாரே, சாகறதுக்குன்னே வந்த ஆளு மாதிரி, அதுதான் கல்கி எழுதின கரிகாலன்.

இப்போ வந்தியத்தேவன். இந்த பாத்திரம் மேல எனக்கு தனி பாசம் உண்டு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். 1958லயே எம்ஜிஆர் உரிமை வாங்கி படம் எடுக்க நினைச்சார், அவர்தான் வந்தியத்தேவன். அது நடக்கல. 2022 விழா மேடையில ரஜினி ஒரு பழைய விஷயத்தை சொன்னார், வந்தியத்தேவனுக்கு யாரு பொருத்தம்னு வாசகர் ஒருத்தர் பத்திரிகையில கேட்டதுக்கு ஜெயலலிதா ரஜினி பேரை சொன்னாங்களாம். அந்தந்த காலத்துல மக்களுக்கு ரொம்ப பிடிச்ச ஆளை இதுல போட்டு பாத்துக்கறாங்க, ஏன்னா கதையில நம்ம கூடவே குதிரையில வர்றவன் இவன் ஒருத்தன்தான். வீரநாராயண ஏரிக்கரையில ஆடிப்பெருக்கு அன்னிக்கு அவனோட ஆரம்பிக்கறோம், அவன் கண்ணால தான் சோழ நாட்டையே பாக்கறோம்.

ஆனா இவன் வீரன்ங்கறதை விட முக்கியம், இவன் வாயாடி. பொய்யை சரளமா விடுவான், மாட்டிப்பான், அதுல இருந்து வெளிய வர இன்னொரு பொய். நாவல்ல அரிசிலாற்றங்கரையில ஒரு இடம் வருமே, பொண்ணுங்க அலறல் சத்தம் கேட்டு பாய்ஞ்சு வந்து, கரையில வாயை பொளந்துகிட்டு கிடக்கற முதலை மேல வேலை எறிவான், பாத்தா அது செத்து போய் உள்ள பஞ்சு அடைச்ச முதலை. சுத்தி நின்ன பொண்ணுங்க சிரிக்கறாங்க, அந்த சிரிப்புக்கு நடுவுல குந்தவை. அசடு வழிஞ்சு நிக்கறான், ஆனா வாய் மட்டும் நிக்கல, அங்கயும் ஏதோ சொல்லி சமாளிக்கறான். வந்தியத்தேவன் முழுசா இருக்கறது இந்த ஒரு இடத்துலதான்னு கூட சொல்லுவேன். கம்பீரமா மட்டும் இருக்க தெரிஞ்ச நடிகருக்கு இது வரவே வராது. தோத்து நிக்கறப்பவும் நமக்கு பிடிக்கணும், அதுக்கு ஒரு தனி முகராசி வேணும்.

கார்த்தி கிட்ட அது இருக்கு. பல்லக்குக்கு முன்னாடி நின்னு பேசறப்பவும் சரி, படகோட்டி பொண்ணு பூங்குழலியோட படகுல மாட்டிக்கிட்டு முழிக்கறப்பவும் சரி, முதல்ல கண்ணு பொய் சொல்ல ஆரம்பிக்குது, அப்புறம்தான் வாய். பொய் சொல்லி முடிச்ச உடனே எதிராளி நம்பினாங்களான்னு ஒரு சின்ன பார்வை பாக்கறார் பாருங்க, அதை நான் ரொம்ப ரசிச்சேன். நாவல்ல வந்தியத்தேவன் மனசுக்குள்ள பேசிக்கற பேச்சு பக்கம் பக்கமா ஓடும், படத்துல அதுக்கு இடமே கிடையாது, அந்த பக்கங்களையெல்லாம் இந்த அரை செகண்ட் பார்வையில கொண்டு வந்துட்டார். முதல் படம் வந்தப்ப 45 வயசு, வாணர் குலத்து வாலிபன் இல்லதான். ஆனா இவரை விட பொருத்தமான ஆளு இன்னிக்கு தமிழ்ல எனக்கு தோணல.

அருள்மொழிவர்மன் விஷயம்தான் கஷ்டமானது, இங்கதான் ஜெயம் ரவியை நிறைய பேர் கொஞ்சம் அநியாயமா குறை சொல்றாங்கன்னு நினைக்கிறேன். கல்கி செஞ்ச வேலையை யோசிச்சு பாருங்க. நாவலோட முதல் பாகம் பூரா பொன்னியின் செல்வர்ங்கற இவரை பழைய நினைவுகள்ல தவிர நேர்ல காட்டல. எல்லாரும் அவரை பத்தி பேசிக்கிட்டே இருக்காங்க, படகோட்டி பொண்ணு, அக்கா, ஊர் ஜனம், வானதி, எல்லாரும். ரெண்டாம் பாகத்துல இலங்கையில அவர் நேர்ல வர்றதுக்குள்ள நாமளே அவரை மனசுல கட்டி முடிச்சுடறோம். ரெண்டு படமும் சேத்து அஞ்சரை மணி நேரம்தான், சினிமாவுல பட்டத்து ஹீரோவை இவ்ளோ நேரம் ஒளிச்சு வைக்க முடியாது, ட்ரெய்லர்லயும் போஸ்டர்லயும் முகம் வந்தாச்சு. அதனால இந்த வேஷத்துக்கு யாரு வந்திருந்தாலும் நாம கட்டின ஆளை விட ஒரு படி கம்மியாதான் தெரிஞ்சிருப்பாங்க. ரவி அமைதியை பிடிச்சார், கிரீடத்தை கண்டு ஆசைப்படாத அந்த நிதானத்தை ரொம்ப நல்லாவே பிடிச்சார். குறைஞ்சது குறும்பு. நாவல்ல யானைப்பாகன் வேஷம் போட்டு வர்ற இளவரசனுக்குள்ள ஒரு விளையாட்டு பிள்ளை இருக்கான், அவனை எனக்கு படத்துல பாக்க கிடைக்கல. அது நடிகர் மேல இருக்கற குறையா, எழுதின விதத்து மேல இருக்கற குறையான்னா, ரெண்டாவதுதான்னு சொல்லுவேன்.

ஸ்டார் இமேஜ் பத்தியும் ஒன்னு. பெரிய பழுவேட்டரையர் வேஷத்தை தானே கேட்டதாவும் மணிரத்னம் ஒத்துக்கலன்னும் ரஜினி அதே மேடையில சொன்னார். ரஜினி நடிச்சிருந்தா எனக்கும் பாக்க ஆசைதான், ஆனா மணிரத்னம் செஞ்சது சரி. 64 விழுப்புண் வாங்கின ஆளு, இளம் மனைவி நந்தினி கூப்பிட்டா எல்லாத்தையும் மறந்துட்டு போய் நிக்கறார், அந்த வெட்கத்தையும் ஆசையையும் நாம நம்பணும்னா திரையில ரஜினி தெரியக்கூடாது. சரத்குமாரோட அந்த உடம்பும் கனத்த குரலும், நந்தினி அறைக்குள்ள நுழைஞ்ச உடனே அது ரெண்டும் தளர்றதும், எனக்கு ரொம்ப திருப்தி.

ஜெயராம் குள்ளம் இல்ல, ஆழ்வார்க்கடியான் குட்டை உருவம், ஆனாலும் தொப்பையும் முன்குடுமியும் தடியுமா அவர் சண்டைக்கு இழுக்கற தோரணையில உயரம் மறந்து போச்சு. வானதிக்கு மட்டும் எனக்கு மனசு ஒத்துக்கல. தீபத் தட்டோட மயங்கி விழற பயந்த பொண்ணு அவ, ஷோபிதா நின்ன நிலையிலயே தைரியம் தெரியுது, போதாததுக்கு கிடைச்ச சீனும் குறைவு, அந்த பயம் மெல்ல மெல்ல உறுதியா மாறறதை காட்ட இடமே இல்ல.

சேந்தன் அமுதனா வந்த அஸ்வின் பொருந்தினாரான்னு கேட்டா என்னால சொல்லவே முடியாது. நாவல்ல கோயிலுக்கு பூ கட்டி குடுக்கற அந்த சாது பையன்தான் கடைசியில சோழ சிம்மாசனத்துல ஏறறான், அவன் நல்லவனா அடங்கி இருந்ததுக்கெல்லாம் அர்த்தம் அங்கதான் கிடைக்குது. படத்துல அந்த முடிவையே எடுத்துட்டாங்க, மகுடம் ரகுமான் நடிச்ச மதுராந்தகனுக்கு போயிடுது. அஸ்வினுக்கு பேரும் பூக்குடலையும் வந்துச்சு, பாத்திரம் வரல.