ஒப்பில்லா திரு இரா, பிளஸ் நாலு

டிசம்பர் வந்தால் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் கிறிஸ்துமஸ் கீத ஆராதனைதான். ஒன்பது வேதபாடம், இடையிடையே பாட்டு. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் 1918 முதல் நடக்கிற அதே முறை. அங்கே முதல் பாட்டை எந்தப் பையன் தனியாக எடுப்பான் என்று கடைசி நிமிஷத்தில்தான் கைகாட்டுவார்களாம். எங்கள் பாடகர் குழுவில், அதாவது கொயரில், அப்படிச் செய்தால் கமிட்டியே கூடிவிடும். சோலோ சண்டை அக்டோபரிலேயே முடிந்துவிடும். சேலை கலர் சண்டைதான் கடைசிவரை ஓடும்.

நான் பாஸ், அதாவது அடிக்குரல். கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால்.

போன வருஷம் கடைசிப் பாட்டு 'ஒப்பில்லா திரு இரா', 'சைலன்ட் நைட்' பாட்டின் தமிழ். விளக்கை எல்லாம் அணைத்து, ஆளுக்கொரு மெழுகுவர்த்தி. கீபோர்டு தம்பி மத்தியானம் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்காக ஸ்ருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸைப் பிளஸ் நாலில், அதாவது நாலு அரைச்சுரம் மேலே வைத்தவன், இறக்க மறந்துவிட்டான். சபை முழுக்க எழுந்து நிற்கிறது, நிறுத்தவும் முடியாது. அந்தப் பாட்டோ கடைசி அடியில் சரசரவென்று மேலே ஏறும். சோப்ரானோ அக்காமார் கழுத்து நரம்பு புடைக்க எப்படியோ எட்டிப் பிடித்தார்கள். எனக்கு முன்னால் நின்ற டெனர் அண்ணாச்சி குதிகாலைத் தூக்கிப் பார்த்தார், எட்டவில்லை. விட்ட மூச்சில் அவர் மெழுகுவர்த்தி அணைந்தது. சத்தமில்லாமல் திரும்பி என்னிடம் பற்றவைத்துக்கொண்டார்.

இரண்டாம் சரணத்தில் கரண்ட் போனது. விளக்குதான் ஏற்கெனவே இல்லையே, சபைக்குத் தெரியவில்லை. கீபோர்டு மட்டும் வாயை மூடிக்கொண்டது. கொயர் மாஸ்டர் உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்ட, ஒரு மாசம் பிராக்டீஸ் பண்ணின தொண்டைகள் தானாகப் பழைய ஸ்ருதிக்கு இறங்கின. அப்படி ஒரு பாட்டு நாங்கள் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடவில்லை.

வெளியே கேக் கொடுக்கும் இடத்தில் எங்கள் போதகர் ஐயர் வந்து மாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார். "கீபோர்டை நிப்பாட்டிட்டு வெறுங்குரல்ல பாடுனீங்களே, யாரு யோசனை?"

மாஸ்டர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "1818-ல ஆஸ்திரியாவுல முதல்ல பாடுனப்பவும் ஆர்கன் கிடையாது ஐயா. ஒரு கிதார்தான். அந்த ஞாபகமா..."

கீபோர்டு தம்பிக்குப் புரையேறியது.

"நல்லாருக்கு. அடுத்த வருஷமும் இப்படியே செஞ்சிருங்க" என்று ஐயர் நகர்ந்தார்.

டெனர் அண்ணாச்சி என் காதோடு கேட்டார்: "கரண்ட் ஆபீசுக்கு யாருல போய்ச் சொல்றது?"