கன்று வீசிய மாடும் காய்ச்சல்காரரும்

மார்ச் 3

காலையிலேயே அழைப்பு. ஏழு மாதச் சினை, கன்று வீசிவிட்டதாம்; நாள் நிறையுமுன்னே கரு விழுந்துவிட்டது. அதே கொட்டகையில் போன மாதமும் ஒன்று வீசியிருக்கிறது. அப்போது “எங்கேயாவது முட்டுப்பட்டிருக்கும்” என்று விட்டிருக்கிறார்கள். இரண்டாவதும் வீசிய பிறகு அந்தக் கதை எடுபடாது.

நஞ்சுக்கொடி விழாமல் தொங்கியிருக்கிறது. நாங்கள் போவதற்குள் மாடு பார்க்கிறவர் வெறுங்கையால் இழுத்து எடுத்துவிட்டார். “சோப்பு போட்டுக் கழுவிட்டேன் டாக்டர்” என்றார். மாட்டைக் கன்று வீசவைத்து மனிதருக்கும் தொற்றும் புருசெல்லா கிருமி என்றால், அந்தச் சதையில் ஒரு கிராமிலேயே கோடிக்கணக்கில் கிருமி இருக்கும். கையில் ஒரு கீறல் இருந்தால் போதும். தெறித்தது கண்ணில் பட்டாலும் மூச்சில் போனாலும் போதும். அவரைப் பயமுறுத்தாமல் சொல்லி, காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் இந்த மாட்டைப் பற்றி மறக்காமல் சொல்லச் சொன்னேன்.

செத்த கன்றின் இரைப்பைத் திரவத்தை ஊசியில் உறிஞ்சினேன். நஞ்சுக்கொடியில் சாணமும் மண்ணும் ஒட்டியிருக்கும். இரைப்பைத் திரவத்தில் வேற்றுக் கிருமி கலக்க வாய்ப்பு குறைவு. எல்லா மாடுகளிடமும் ரத்தம் எடுத்தோம். மிச்சத்தைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைத்தாயிற்று.

மார்ச் 4

இரைப்பைத் திரவத்தைக் கண்ணாடியில் தடவி, மாற்றியமைத்த ஜீல்-நீல்சன் சாயம் ஏற்றிப் பார்த்தேன். நீலப் பின்னணியில் சிவப்பாகப் பொடிப் பொடியாய், கொத்துக் கொத்தாக. பார்த்ததும் கை பேனாவைத் தேடும். ஆனால் காக்ஸியெல்லா என்ற வேறொரு கிருமியும் ஏறத்தாழ இதே கோலத்தில்தான் நிற்கும். ஆகவே ‘சந்தேகம்’ என்றுதான் எழுதினேன். ஒரு பகுதி கிருமி வளர்ப்புக்கும் பி.சி.ஆர் மரபணுச் சோதனைக்கும் போகிறது.

பிறகு ரோஸ் பெங்கால், ரத்தத்தில் புருசெல்லாவுக்கான எதிரணுவை (கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை) தேடும் சோதனை. சீரமும் (ரத்தத்தின் தெளிந்த நீர்) இளஞ்சிவப்பு ஆன்டிஜெனும் (சாயமேற்றிய செத்த புருசெல்லா) குளிர்பெட்டியிலிருந்து வெளியே வந்து அறை வெப்பத்தை எட்டவேண்டும். இரண்டிலும் 30 மைக்ரோலிட்டர், வெள்ளைத் தட்டில் கலந்து 4 நிமிடம் மெதுவாக ஆட்டவேண்டும். எதிரணுக்கள் இருந்தால் சீரான இளஞ்சிவப்பு உடைந்து, திரிந்த பால் போலத் திட்டுத்திட்டாகும். 4 நிமிடத்துக்கு மேல் வைத்துப் பார்ப்பவர்களை நான் நம்புவதில்லை. ஓரம் காய்ந்து, இல்லாத திட்டும் இருப்பதாகத் தெரியும்.

போன மாதம் வீசிய மாடு பாசிட்டிவ். ஒரு கிடேரியும் பாசிட்டிவ். நேற்று வீசியது நெகட்டிவ்! உதவியாளர் குழாய் மாறிவிட்டதோ என்று எண்களைச் சரிபார்த்தார். மாறவில்லை. கன்று வீசும் நேரத்தில் சில மாடுகளுக்கு எதிரணு இன்னும் ஏறியிருக்காது. மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம்.

மார்ச் 6

எல்லா மாட்டின் பாலும் கலந்த மொத்தப் பாலில் வளையச் சோதனை, இதுவும் எதிரணுவைத் தேடத்தான். சாயமேற்றிய ஆன்டிஜென் ஒரு சொட்டு, 37 டிகிரியில் ஒரு மணி நேரம். மேலே எழும் ஆடையில் நீல வளையம், கீழே வெள்ளைப் பால். தெளிவான பாசிட்டிவ். மடிநோயும் சீம்பாலும் இதே வளையத்தைப் பொய்யாகக் காட்டும் என்பதால் மாடு மாடாக ரத்தம் பார்த்தே தீரவேண்டும். ஆட்டுப்பாலுக்கு இந்தச் சோதனை உதவாது.

பச்சைப் பால் குடிப்பதை நிறுத்தச் சொன்னேன். கொதித்தால் கிருமி சாகும்.

மார்ச் 17

மாடு பார்க்கிறவருக்குக் காய்ச்சல். சாயங்காலம் ஏறி, ராத்திரி வியர்த்து, விடிந்தால் இறங்குகிறது. இடுப்பு வலி வேறு. ஓரிடத்தில் டைஃபாய்டு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் “என்ன வேலை செய்றீங்க?” என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வியால்தான் அந்த மருத்துவர் எனக்குப் போன் செய்தார்.

சீரத்தைப் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் குழாய்த் திரட்சிச் சோதனையில் முதல் சில படிகளில் ஒன்றும் தெரியவில்லையாம். இன்னும் நீர்த்துப் பார்க்கச் சொன்னேன். எதிரணு மிக அதிகமாக இருந்தால் கெட்டியான சீரத்தில் திரட்சியே வராது. நீர்க்க நீர்க்கத்தான் தெரியும். மனிதருக்கு 1:160-லேயே, அதாவது 160 மடங்கு நீர்த்த பிறகும் திரட்சி தெரிந்தாலே, சந்தேகம் வலுக்கும். இவருக்கு 1:640.

ரத்த வளர்ப்பு அனுப்பும்போது ‘புருசெல்லா சந்தேகம்’ என்று சீட்டில் எழுதும்படி கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். தெரியாமல் வெளி மேசையில் தட்டைத் திறந்து முகர்ந்து பார்த்த ஆய்வகப் பணியாளர்களே நோயாளிகளான கதைகள் நிறைய. பாதுகாப்புப் பெட்டிக்குள்தான் திறக்கவேண்டும்.

பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் மால்டாவில் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் இந்தக் கிருமியைக் கண்டது 1887-இல். அது ஆட்டுப்பாலில் வருகிறது என்று மால்டா மருத்துவர் தெமிஸ்டோக்லிஸ் ஸம்மிட் கண்டறிந்தது 1905-இல். ஆடுகள் பார்க்க நன்றாகத்தானே இருந்தன, யாருக்குச் சந்தேகம் வரும்! அந்த 18 வருடத் தாமதம் இன்னும் ஆஸ்பத்திரிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மார்ச் 22

அவருடைய ரத்தத்தில் கிருமி வளர்ந்துவிட்டது. டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும், ஆறு வாரம். முதல் வாரத்திலேயே காய்ச்சல் விட்டுவிடும். மாத்திரையையும் அப்போதே விட்டுவிடுவார்கள், அதுதான் ஆபத்து. பண்ணை வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 25

மூன்றாம் தேதி வீசிய மாடு இன்று பாசிட்டிவ். அன்றைய தட்டை மட்டும் நம்பியிருந்தால் இது நல்ல மாடுகளோடு இந்நேரம் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.

கிடேரி விஷயம் வேறு. கன்றில் தடுப்பூசி போட்டதாக உரிமையாளர் அம்மா சொல்கிறார், அட்டை இல்லை. எஸ்19 என்ற புருசெல்லாத் தடுப்பூசியால் வரும் எதிரணுவும் ரோஸ் பெங்காலில் திட்டாகும். போட்டி எலிசா என்ற இன்னொரு ரத்தச் சோதனைக்கு அனுப்பினேன்; அதுவும் முழுத் தீர்ப்பு சொல்லாது, ஆனால் ஊசியின் குழப்பம் குறையும். நோயுள்ள தாய்க்குப் பிறந்த வேறு இரண்டு கிடேரிகள் நெகட்டிவ். அவற்றையும் விட்டுவிட முடியாது. முதல் ஈத்து வரை ரத்தத்தில் எதுவும் காட்டாமல், ஈனும்போது வெளிப்படும் மாடுகள் உண்டு.

“பாசிட்டிவ் வந்ததை வித்துடலாமா டாக்டர்?” என்றார் அம்மா. விற்றால் அடுத்த கொட்டகையில் வீசும் என்றேன். தனிக் கொட்டகை, தனி வாளி, ஈனும் இடம் தனி. மிச்ச மாடுகளுக்கு அடுத்த மாதம் திரும்பவும் ரத்தம்.