மியூரன் நாட்குறிப்பு

பெப்ரவரி 1, சனி

சுவிஸில் லவுட்டர்புருன்னனில் இருந்து கேபிள் காரில் க்ரூட்சால்ப் வரை ஏறி, அங்கிருந்து 1891இல் திறந்த சிறு ரயில் பாதையில் மியூரனுக்கு வந்து சேர்ந்தோம். பள்ளத்தாக்கின் செங்குத்தான பாறை விளிம்பில், ஏறக்குறைய 1,640 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊருக்குக் காரில் வர வழியில்லை. என் கணவர் எழுதியிருந்தபடியே மரவீடுகள், கூரைகளில் தடித்த பனி, எதிரே ஐகர், மொங்க், யுங்ஃப்ராவ் சிகரங்கள். அவர் இரண்டு குளிர்காலம் கோப்பை கழுவிய விடுதியைத் தேடிப் பார்த்தேன். சமையலறையின் பின்கதவு மட்டும் அப்படியே இருப்பதாக எனக்குத் தோன்றியது.

பெப்ரவரி 2, ஞாயிறு

பேரன் ஸ்கீ பள்ளியில் சேர்ந்துவிட்டான். நிற்க வேண்டுமானால் இரு கட்டைகளின் நுனியையும் சேர்த்துப் "பிட்சா" செய்ய வேண்டுமாம், வேகமாகப் போக வேண்டுமானால் நேராக வைத்துப் "பொம்ஸ்", அதாவது உருளைக்கிழங்குப் பொரியல், செய்ய வேண்டுமாம். 1931இல் முதலாவது உலக அல்பைன் ஸ்கீ போட்டி நடந்த ஊரில் என் பேரன் இன்று ஆறு முறை விழுந்து ஆறு முறையும் அழாமல் எழுந்தான். ஊருக்கு மேலே உள்ள ஷில்த்ஹோர்ன் சிகரத்துக்கு நாளை போகலாம் என்று மகள் சொல்கிறாள்.

பெப்ரவரி 3, திங்கள்

இரவு முழுவதும் பனி. மேலே போகவில்லை.

பெப்ரவரி 4, செவ்வாய்

விடிவதற்கு முன் குண்டுச் சத்தம் கேட்டது. கண் விழித்தபோது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் குப்புறப் படுத்திருந்தேன், ஒரு கை பேரனின் போர்வையை இழுத்துப் பிடித்திருந்தது. "என்னம்மா, ஏன் கீழே கிடக்கிறீங்கள்?" என்று மகள் கேட்டதற்கு, கண்ணாடியைத் தேடுவதாகச் சொன்னேன். இரண்டாவது சத்தம் மலைகளில் மோதித் திரும்பி வர நெடுநேரம் எடுத்தது. காற்று அள்ளிக் குவித்த புதுப்பனி அடியில் உள்ள பழைய படலத்தோடு ஒட்டாமல் நிற்கும் என்றும், அது ஆட்கள்மேல் சரிவதற்கு முன் வெடிவைத்துச் சரித்துவிட்டே ஸ்கீ பாதைகளைத் திறப்பார்கள் என்றும் வீட்டுக்காரம்மா பொறுமையாக விளக்கினார். இங்கே பனி கொட்டினால் இது வழமையாம், பல பத்தாண்டுகளாக நடக்கிறதாம். விளங்கியது. ஆனாலும் கை நடுக்கம் பத்து மணிவரை நிற்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு டாவோசில் இருந்து வரும் பனிச்சரிவு அறிக்கையில் ஐந்து நிலைகளில் நான்காம் நிலை என்று இருந்தது.

பெப்ரவரி 5, புதன்

இன்று நான்கு வெடிகள், எண்ணினேன்.

பெப்ரவரி 6, வியாழன்

ஃபியோன் என்னும் வெப்பமான மலைக்காற்று தெற்கிலிருந்து வீசுகிறது. கூரைப் பனி உருகிச் சொட்டுகிறது, தலை இடிக்கிறது, ஷில்த்ஹோர்ன் கேபிள் காரை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் இருந்ததால் அவருடைய கடிதத்தைப் பையிலிருந்து எடுத்தேன். 1991ஆம் ஆண்டுக் கடிதம், மடிப்புகளில் கிழிந்து ஒட்டியது. "இங்கே சத்தமே இல்லை. பனி விழுந்தால் உன் மூச்சுக்கூடக் கேட்கும் போல இருக்கும்" என்று எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பதுங்குகுழி வாசலில் இருந்து அந்த வரியை எத்தனையோ இரவுகள் வாசித்து, சத்தமே இல்லாத ஓர் ஊர் உலகில் இருக்கிறது என்று ஆறுதல் கொண்டவள் நான். விடியும் முன் அடுப்படிக்குள் போனவருக்கு இந்த வெடிகள் கேட்காமல் இருந்திருக்காது. முதல் நாள் அவரும் பாத்திரங்களுக்கு நடுவே தரையில் விழுந்திருப்பாரோ? ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெர்னில் சேர்ந்து வாழ்ந்த அத்தனை வருடங்களிலும் சொல்லவில்லை. மகளிடம் கடிதத்தைக் காட்ட நினைத்து, திரும்பவும் மடித்து வைத்தேன்.

ஐந்து மணி அறிக்கை: மூன்றாம் நிலை.

பெப்ரவரி 7, வெள்ளி

வானம் முற்றாக வெளுத்துவிட்டது. ஆறு மணியிலிருந்து காது கொடுத்துப் படுத்திருந்தேன், ஒரு வெடியும் இல்லை. கேபிள் கார் ஓடுகிறதாம். 1967இலிருந்து ஓடுகிறது, இரண்டு குளிர்காலம் அதன் அடியிலேயே வேலை செய்தும் அவர் ஒருநாளும் அந்த 2,970 மீட்டர் உச்சிக்கு ஏறியதில்லை, ஓய்வு நாள்களில் நித்திரைதான் கொண்டதாக எழுதியிருக்கிறார். கடிதத்தைக் கோட்டின் உள்பையில் வைத்திருக்கிறேன். பேரன் தன் சப்பாத்தின் கொளுவிகளைப் பூட்ட முடியாமல் கூப்பிடுகிறான்.