கேஸ் போட்ட கைல திரும்ப பேஸ்

இன்னைக்கு பூரா மெகாடெத்னு அமெரிக்க மெட்டல் பேண்ட் தான் ஓடுது, அதுவும் 2010ல பேஸ் கிட்டார் வாசிக்குற டேவிட் எல்லெஃப்சன் திரும்பி வந்த டைம் லைவ் வீடியோங்க. 1983ல பாடகர்-கிட்டாரிஸ்ட் டேவ் மஸ்டெய்னோட சேர்ந்து பேண்ட ஆரம்பிச்ச ஆளு, 2002ல மஸ்டெய்ன் கைல நரம்பு அடிபட்டு பேண்டே கலைஞ்சப்போ வெளிய போனவரு, அப்புறம் 2004ல மஸ்டெய்ன் மேலயே 18.5 மில்லியன் டாலர் கேட்டு கேஸ் போட்டாரு, அது தள்ளுபடி ஆச்சு. நம்மாளுங்களா இருந்தா ஏழு தலைமுறைக்கு பேச்சுவார்த்தை இருக்காது 😂

ஆனா 'ரஸ்ட் இன் பீஸ்' வந்து 20 வருஷம் ஆச்சுன்னு அந்த ஆல்பம முழுசா வாசிக்குற டூருக்கு 2010 பிப்ரவரில மனுஷன் திரும்ப பேஸ தூக்கி மாட்டிட்டாரு. அதே வருஷம் ஜூன்ல பல்கேரியா தலைநகர் சோஃபியால மெட்டாலிகா, ஸ்லேயர், ஆந்த்ராக்ஸ், மெகாடெத்னு நாலு பேண்டும் ஒரே மேடை. டெக்னிக்கலா அவர விட பெரிய பேஸிஸ்ட் கிடைப்பாங்க, ஆனா மஸ்டெய்னோட கிட்டார் ரிஃப்புக்கு (திரும்ப திரும்ப வர்ற துண்டு இசை) அடில அந்த பிக் (தந்திய மீட்டுற சின்ன தகடு) சத்தம் டக்டக்னு ஓடுது பாருங்க, அது இவரு கை தான்.

2021ல மறுபடி வெளிய அனுப்பிட்டாங்க, அது வேற கத. அப்போ யார கூப்ட்டாங்க தெரியுமா? 2010ல இவருக்காக எடத்த விட்டுட்டு போன அதே ஜேம்ஸ் லோமென்சோ. 🤘