மிளகாய்க் கிட்டங்கியில் ஒன்பது சனிக்கிழமை

முதல் நாள் உள்ளே நுழைந்ததும் தும்மல்தான் வந்தது. ராமநாதபுரத்தில் முண்டு மிளகாய் மூட்டை அடுக்கி வைத்திருந்த பழைய கிட்டங்கி அது. மூட்டைகளை எடுத்து, தரையைக் கழுவி, சுண்ணாம்பும் அடித்துப் பல மாதம் ஆகியும் நெடி சுவரை விட்டுப் போகவில்லை. மேலே குறுக்கே இரும்பு உத்தரம், தரையிலிருந்து இருபது அடி இருக்கும். அதிலிருந்து ஊதா, மஞ்சள், கரும்பச்சை என்று ஏழு துணிகள் இடுப்பு உயரத்துக்கு ஊஞ்சல் போல மடிந்து தொங்கின. ஓரத்தில் இரண்டு சிவப்புத் துணி மட்டும் தரை வரைக்கும் நீண்டு கிடந்தது.

"ஏரியல் ஃபிட்னஸ்" என்று போர்டு இருந்தது. துணியில் தொங்கிக்கொண்டு செய்கிற உடற்பயிற்சி, அவ்வளவுதான். மடிந்து தொங்குவதை ஹம்மாக் என்கிறார்கள், நீளமாகத் தொங்குவது சில்க். சில்க் என்று பெயர்தான், பட்டு இல்லை, லேசாக இழுபடுகிற நைலான் பின்னல் துணி.

நான் எப்படி அங்கே போனேன் என்று சொல்லிவிடுகிறேன். பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் பதினொரு வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். வயது 39. காலை எட்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை கம்ப்யூட்டர்தான், படகுக்கு எத்தனை பார் ஐஸ், யார் பாக்கி, யார் கொடுத்தார்கள். இரண்டு வருடமாக வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினால் தோளில் ஏதோ பிடிக்கும். டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை, தோளுக்கு வேலை கொடுக்காமல் விட்டதுதான் என்றார். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் விசைப்படகெல்லாம் ஜெட்டியில் வரிசையாக நிற்கும், எங்களுக்கும் வேலை பாதியாகிவிடும். 2025 தடைக்காலத்தில் சனிக்கிழமை மதியங்கள் எனக்குக் காலியாகக் கிடைத்தன, மகளின் டியூஷனுக்காக ராமநாதபுரம் போனபோது பார்த்த போர்டும் மனதில் இருந்தது. போய்ச் சேர்ந்துவிட்டேன். மாதம் 1,200 ரூபாய்.

சொல்லித் தருகிற மிஸ்ஸுக்கு இருபத்தாறு வயதுதான். விழுப்புரத்துக்காரர், சின்ன வயதிலிருந்தே மல்லர் கம்பம் பழகியவர், கம்பத்திலும் கயிற்றிலும் ஏறிச் செய்கிற பழைய உடற்பயிற்சி வித்தை அது, அதிலும் இவருடையது கயிற்று மல்லர் கம்பம். மேலிருந்து தொங்குகிற ஒற்றைக் கயிற்றைக் கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஏறுவார்கள், முடிச்சு எதுவும் கிடையாது. "கயிறுல கத்துக்கிட்டவங்களுக்குத் துணி மெத்தை மாதிரிக்கா" என்பார். என்னை விடப் பதின்மூன்று வயது சின்னவர், ஆனாலும் நான் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறேன்.

துணியைத் தொடுவதற்கு முன்னால் உட்கார வைத்து ஒவ்வொருவரிடமும் கேட்டார். பிரஷர் இருக்கிறதா, கண் அழுத்த நோய் இருக்கிறதா, கர்ப்பமா, சமீபத்தில் ஆபரேஷன் ஏதாவது, கழுத்து டிஸ்க், தலைசுற்றல். தலைகீழாகத் தொங்கும்போது கண்ணுக்குள் இருக்கிற அழுத்தம் ஏறும், அதனால் கண் அழுத்த நோய் இருப்பவர்கள் அதைச் செய்யவே கூடாது. எங்களோடு சேர்ந்த ஒரு அக்காவுக்குப் பிரஷர். அவரைத் திருப்பி அனுப்பாமல், தலை எப்போதும் மேலேயே இருக்கிற மாதிரிப் பயிற்சிகளாகப் பிரித்துக் கொடுத்தார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். நீங்கள் வேறு எங்கே சேர்ந்தாலும் சரி, இதையெல்லாம் கேட்காமல் நேராகத் துணியில் ஏற்றிவிடுகிற இடமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது நகை. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாம் கழற்ற வேண்டும். தாலிச் சங்கிலியில் நான் எப்போதும் நாலு ஊக்கு மாட்டி வைத்திருப்பேன், நம் பெண்கள் பாதிப் பேர் அப்படித்தான். மிஸ் அதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஊக்கு முனை துணியில் ஒரு இழையை அறுத்தால் போதுமாம், அடுத்து வருகிறவர் முழு எடையோடு தொங்கும்போது அந்தக் கிழிசல் எவ்வளவு தூரம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. சங்கிலியும் தலைகீழானால் முகத்தில் வந்து விழும், துணியோடு சிக்கினால் கழுத்தை இழுக்கும். முதல் நாள் எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்தேன், பயிற்சி முடியும் வரை பாதி மனது அந்தப் பையில்தான் இருந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து வீட்டிலேயே அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்.

உடுப்பில் ஒரு விஷயம். கை முட்டியும் முழங்காலின் பின்பக்கமும் மூடியிருக்க வேண்டும். துணி தோலில் உரசி இறங்கினால் சூடு பட்ட மாதிரிச் சிவந்துபோகும், இரண்டு நாளைக்குக் குளிக்கும்போது எரியும். துப்பட்டா வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் நான் செய்தது ஒரே தப்பு. துணியைக் கையால் இறுக்கிப் பிடித்தேன், இருக்கிற பலம் முழுக்கக் கையில் வைத்துப் பிடித்தேன். பத்து விநாடியில் முழங்கை வரைக்கும் நடுங்கும், விரல் தானாகப் பிரிந்துவிடும், இறங்கிவிடுவேன். மூன்றாவது வாரம் மிஸ் கால் பூட்டு சொல்லிக் கொடுத்தார். துணி காலின் வெளிப்பக்கமாக இறங்க வேண்டும். காலை அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் கணுக்காலுக்கு மேலே ஒரு சுற்று விழும். மிச்சத் துணியை அடுத்த பாதத்தால் எடுத்து, பூட்டுகிற பாதத்தின் மேலாகக் குறுக்கே போட்டு, பிறகு தைரியமாக அந்தக் காலில் எடையை இறக்க வேண்டும். எடை இறங்க இறங்க சுற்று இறுகும். மேல்பாதத்தில் நசுக்குகிற மாதிரி வலி, முதல் தடவை கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் நிற்க முடிகிறது! தரையிலிருந்து இரண்டடி மேலே, ஒரு துணியின் மேல்.

"இப்ப ஒரு கைய விடுங்கக்கா" என்றார். விட்டேன். "இன்னொன்னையும் முழங்கை மடிப்புல துணியக் கொடுத்துட்டு விடுங்க." அதையும் விட்டேன்.

உடனே ஞாபகம் வந்தது சாயல்குடி பக்கம் எங்கள் அம்மாச்சி ஊர். கோடை லீவுக்கு அங்கேதான் போவோம், பக்கத்து வீட்டுத் தாத்தா பனையேறி. விடிவதற்குள் ஏறுவார், சாயங்காலமும் ஏறுவார். இரண்டு பாதத்தையும் தளைநாரில் நுழைத்து மரத்தைக் கட்டிக்கொண்டு மேலே போய், உச்சியில் இரண்டு கையாலும் பாளை சீவுவார். கீழே நின்று நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம், கையை விட்டுவிட்டாரே, எப்படி விழாமல் இருக்கிறார் என்று. அந்தக் கேள்விக்கு எனக்கு 39 வயதில்தான் பதில் கிடைத்தது. தாங்குவது கை இல்லை, கட்டு. தாத்தா உயிரோடு இருந்தால் போய்ச் சொல்லியிருப்பேன்.

தலைகீழாக முதல் தடவை போனது நான்காவது வாரம். ஹம்மாக்கில் துணியை இடுப்புக்குப் பின்னால், வால் எலும்புக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, கால் இரண்டையும் விரித்துத் துணிக்கு வெளியே கொண்டுபோய் முன்பக்கமாகச் சுற்றிப் பின்னிக்கொள்ள வேண்டும். மிஸ் முதுகில் கை வைத்திருந்தார். தலை கீழே போனதும் காதில் கடல் இரைச்சல் மாதிரி ரத்தம் கேட்டது, மூக்கு அடைத்தது, கை எதையாவது பிடிக்கத் தேடியது. முப்பது விநாடிதான். ஆனால் அந்த முப்பது விநாடியில் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக நீண்டு, தோள் இரண்டும் காதை விட்டு விலகி, இரண்டு வருடமாகப் பிடித்திருந்த இடம் லேசாக விட்டது. எழும்போது அவசரப்படக் கூடாது. உடனே நிமிர்ந்தால் கண் இருட்டும், உட்கார்ந்து நாலு மூச்சு விட்ட பிறகுதான் தரையில் கால்.

வலியைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். முதல் மாதம் தொடையின் உள்பக்கமும் முழங்காலுக்குப் பின்னாலும் நீலம் பாரித்திருந்தது. சின்னப்பாலத்து அயித்தை ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்தார். அயித்தை நாற்பது வருடமாகக் கடலில் பாசி எடுக்கிறார். சேலைக்கு மேலே சட்டையைப் போட்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்க வேண்டும். பாறை கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு விரலுக்கும் துணிக் கிழிசலைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். என் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பாசிக்குப் போனா மொத வாரம் இப்புடித்தான் தாயி, ஒடம்பு பழகிக்கிரும். ஆனா ஒரே எடத்துல குத்துற வலி வந்தா விட்டுரு" என்றார். அடுத்த வாரம் மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். அவரும் அதையேதான் சொன்னார், பரவலாக அழுத்துகிற வலி பழகும், மூட்டுக்குள் குத்துகிற வலியும் மரத்துப்போவதும் வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

ஐந்தாவது வாரம் ஆசை தாங்காமல் ஆன்லைனில் ஒரு ஹம்மாக் வாங்கிவிட்டேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கிறது, என் பிள்ளைகளுக்குத் தூளி கட்டியது. அதில் மாட்டினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிடம் உட்கார்ந்தேன், ஆடினேன், தலைகீழாகவும் தொங்கினேன். கீழே விரித்திருந்தது ஒரு பாய்.

சனிக்கிழமை காலையில் அப்பா பார்த்தார். அப்பா முப்பது வருடம் கடலுக்குப் போனவர், எந்தக் கயிற்றைப் பார்த்தாலும் அது எங்கே கட்டியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். ஒன்றும் பேசவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, சின்னச் சுத்தியலால் கொக்கியைச் சுற்றித் தட்டினார். டங் டங் என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் ஒரு இடத்தில் டொப் என்று மாறியது. இன்னொரு தட்டு, உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி தெரிந்தது. கம்பி என்று சொல்ல முடியாது, செம்மண் நிறத்தில் ஏடு ஏடாக உரிந்தது, விரலால் தொட்டால் உதிர்ந்தது.

"இதுலதான் தொங்குனியா ஆத்தா?" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. எனக்குக் கால் வெலவெலத்துப்போய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நம் கடற்கரையில் வீடு இருக்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். உப்புக்காற்று காங்கிரீட்டுக்குள்ளேயும் போகும். உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் சுற்றியிருக்கிற காங்கிரீட்டைத் தள்ளி வெடிக்க வைக்கும், வெளியே பெயின்ட் மட்டும் நன்றாகத்தான் இருக்கும். பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலத்தையே உப்பு தின்றுதான் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். தினமும் பஸ்ஸில் அதைப் பார்த்துக்கொண்டே போகிற நான், வீட்டுக் கொக்கியை நிமிர்ந்து பார்க்கவில்லை. தூளியில் ஆடுகிற பிள்ளை பத்து கிலோ. நான் 64 கிலோ, அதுவும் சும்மா தொங்குவது வேறு, சறுக்கி ஒரு உதறலோடு நிற்பது வேறு. அந்த ஒரு நொடியில் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு இழுப்பு கொக்கியில் விழும். ஃபேன் கொக்கி, தூளிக் கொக்கி, ஜன்னல் கம்பி, எதிலும் வேண்டாம்.

அன்றைக்கு மதியம் கிட்டங்கியில் மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஏணியை எடுத்துச் சாய்த்து, என்னை மேலே ஏறச் சொல்லி ஒவ்வொன்றாகக் காட்டினார். உத்தரத்தைச் சுற்றிய பட்டை, அதில் காரபினர் என்கிற திருகு பூட்டு வைத்த கொக்கி, துணி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு சுழலி. கொக்கியின் முதுகில் 22 கிலோ நியூட்டன் என்று பொறித்திருந்தது, கிட்டத்தட்ட 2,200 கிலோ இழுப்பு. அவ்வளவு பெரிய எண் எதற்கு என்று கேட்டேன். உதறல், தேய்மானம், நம் கண்ணுக்குத் தப்பின கீறல், எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு என்றார். மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, துருப் பொட்டு ஒன்று தெரிந்தாலும் அந்தக் கொக்கியை எடுத்துப் போட்டுவிடுகிறாராம். கீழே ஒரு அடி கனத்துக்கு மெத்தை.

ஜூன் 14-ஓடு தடைக்காலம் முடிந்தது. ஒன்பது சனிக்கிழமையில் ஒன்றுகூட விடவில்லை. இப்போது சனிக்கிழமை படகு கடலுக்குப் போகிற நாள், ஐஸ் ஏற்றவே நேரம் சரியாக இருக்கும், அதனால் ஞாயிறு வகுப்புக்கு மாறிவிட்டேன். வலது கை நேராக மேலே போகிறது. பரணில் இருந்து பாத்திரத்தை நானே எடுக்கிறேன். கால் பூட்டு இரண்டு காலிலும் விழுகிறது, இடது பக்கம் இன்னும் கொஞ்சம் தளர்வு.

போன ஞாயிறுதான் சிவப்புத் துணியில் முதல் முறையாக மேலே ஏற வேண்டிய நாள். அப்பா நானும் வருகிறேன் என்றார். வந்ததும் மிஸ்ஸிடம் கேட்டு ஏணியைச் சாய்த்து ஏறி, பட்டை, கொக்கி, சுழலி என்று ஒவ்வொன்றையும் கையால் திருப்பிப் பார்த்தார். கை வழுக்காமல் இருக்க மிஸ் ஒரு பிசின் தூள் கொடுப்பார், ரோசின் என்று பெயர். அப்பா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, வள்ளத்துக்குக் குங்கிலியம் காய்ச்சி அடைக்கிற வாசம் மாதிரி இருக்கிறதே என்றார். மறுபடியும் ஒரு தடவை ஏணியில் ஏறி, கொக்கியின் திருகு முழுக்க இறுகியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். மிஸ் பொறுமையாக ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இறங்கி வந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "சரி ஆத்தா, ஏறு" என்றார்.