ஓடைக் கரையைக் கூட்ட வேண்டாம்

கமெராவோடு நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு வருகிறவர்கள் ரோசாப் பாத்திப் பக்கம் திரும்புவதே இல்லை. நேரே ஓடைக்கரைக்குப் போய், நிழலும் சேறும் மக்கின இலையுமாகக் கிடக்கிற மூலையில் நின்றுவிடுவார்கள். இமயத்திலிருந்து வரும் பைட் த்ரஷ் என்ற பறவை இறங்குவது அங்கேதான். நனைந்த சருகைப் புரட்டிப் புழு பொறுக்கும். ஆறுமணிக்குருவிக்கும் அதே பந்திதான். சருகைக் கூட்டி அள்ளினால் இரண்டுக்கும் பட்டினி.

ஓடை ஓரம் 2 மீற்றருக்குக் கத்தியே படக்கூடாது. அங்கே வேர் போனால் அடுத்த பெருமழையில் கரை இடியும். அதற்கு அப்பால் உள்ள சதுப்பை வெட்டத்தான் வேண்டும். விட்டால் புல் மூடி, உள்ளான் அலகு குத்தச் சேறு இருக்காது. அதையும் ஒரே நாளில் மொட்டையடிக்காமல் மூன்று பங்காக்கி, வருடத்துக்கு ஒரு பங்கு வெட்டுங்கள். ஓகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடு வரை சரியான காலம். பெருமழை தணிந்திருக்கும், வலசைப் பறவைகளின் கூட்டமும் வந்து சேர்ந்திருக்காது. 15 சென்ரிமீற்றர் அடி விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெட்டிக்கொண்டு போகவேண்டும். நாலு பக்கமும் சுற்றி உள்ளே வந்தால் நடுவில் பதுங்கிய கானாங்கோழிக் குஞ்சு மெஷினில் மாட்டும். வெட்டிய புல்லை ஓடையில் தள்ளிவிடும் பழக்கம் இருக்கிறதே, அது மகா மோசம். மதகை அடைப்பது ஒரு பக்கம். அழுகும்போது தண்ணீரின் ஒட்சிசனையும் தின்றுவிடும். மீன் போனால் மீன்கொத்தியும் போகும்.

ஓடையைத் தூர்ப்பது மேலே இருக்கும் கரட், லீக்ஸ் பாத்திகள்தான். சரிவு வாக்கில் இழுத்த பாத்தி, மழைக்கு மழை மண்ணை அனுப்பிவைக்கும். இதற்கு மருந்து, தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குத் தெரிந்ததுதான்: சரிவுக்குக் குறுக்கே கான் (வடிகால்) வெட்டி, கானுக்குள் இடைவிட்டுக் குழி எடுப்பது. கான் ஓடையில் விழும் இடத்தில் பெரிய குழி ஒன்று வேண்டும். பாதி நிரம்பியதும் அள்ளி, மண்ணைப் பாத்திக்கே திருப்பிக் கொடுங்கள். கரையில் குவித்தால் அதுவும் ஓடைக்குத்தான். இதை விட்டுப் பெக்கோ மெஷின் போட்டுத் தோண்டி ஓடையை நேராக்கினால் தண்ணீர் வேகமெடுத்து அடியை அரிக்கும். மட்டம் இறங்கும், பக்கத்துச் சதுப்பு காயும்.

நடைபாதை ஒரு கரையில் போதும், மறுகரை பறவைக்கு. மூங்கில் தட்டி கட்டி 1 மீற்றர் உயரத்திலும் 1.5 மீற்றர் உயரத்திலும் பார்க்கப் பிளவு விட்டால் பிள்ளைகளும் பார்க்கலாம். காலை வெயில் முதுகில் படுகிற பக்கம் கட்டுங்கள். போனில் பறவைக் குரல் போட்டு அழைப்பதை அனுமதிக்கவே வேண்டாம். போட்டிக்கு வேறொன்று வந்ததென்று பறவை தீனியை விட்டுவிட்டு அலையும். பைட் த்ரஷைப் பார்க்க விடியலும் பொழுதுசாயும் நேரமும்தான். காஷ்மீர் ஈப்பிடிப்பான் அப்படியல்ல, பகலிலும் தாழ்ந்த கிளையில் வந்து உட்காரும்.